எதிர்க்கடை விலை

பெட்டிக்காரர் தன் மச்சானுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கடன் பட்டிருந்தார். இதில் ஒரு காசு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கொடுத்தவனுக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும், நடுவில் இருந்த பெண்ணுக்குத் தெரியும். அந்தப் பெண் இவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகள் இருக்கும் தேசத்துக்குப் போனவள், நாலு வருடமாகியும் திரும்பவில்லை. கடன் மட்டும் இங்கேயே இருந்தது.

பெட்டிக்காரர் என்பது கட்டடம் வைத்த பெயர். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஐந்து மாடிக் கட்டடம் அது. லிஃப்டை விட்டு இரண்டாம் மாடியில் இறங்கினால் இடது கைப்பக்கம் ஏழாவது கடை அவருடையது. லிஃப்ட் வருவதற்கு முன்பே கடை வந்துவிட்டது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், பத்தொன்பது வயதில் கேபிள் மூட்டையைத் தோளில் போட்டுப் படியேறி வந்தவர். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. வந்து என்ன ஆகப் போகிறது? சீல் உடைக்காத பெட்டியைக் கையில் தூக்கினாலே உள்ளே இருப்பது சரக்கா சக்கையா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை மொத்த வியாபாரி அனுப்பிய இருபது பெட்டியில் ஒன்றை மட்டும் ஓரமாக வைத்து, "இதுல கார்டு இல்ல, கட்டை இருக்கு" என்றார். திறந்து பார்த்தார்கள். மரக்கட்டைதான், அதுவும் பழைய செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி. அன்றிலிருந்து பட்டம் படித்த கடைக்காரர்கள்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்து நிற்பார்கள்.

அவர் விற்பது கிராஃபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டரில் படம் ஓடுவதற்கென்றே தனியாகச் செருகுகிற கார்டு. பெரிய கார்டு செங்கல்லை விடக் கனம், முதுகில் மூன்று விசிறி. விளையாடுகிறவனும், சினிமாவை வெட்டி ஒட்டுகிறவனும் ஒரு வருடச் சம்பளத்தை அதில் இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அதன் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குப் படித்தவர்கள் பெரிய பெரிய பெயர் வைத்திருப்பார்கள். பெட்டிக்காரருக்கு ஒரே வரிதான்: "எதிர்ல கடை இல்லாத எடத்துல விலைக்குக் கூரை கிடையாது."

அந்த வரியில் எல்லாம் இருக்கிறது. கார்டு செய்கிறவர்கள் முக்கியமாய் இரண்டு பேர். பெட்டியின் நிறத்தை வைத்துக் கட்டடத்தில் ஒருவனைப் பச்சைக்காரன் என்பார்கள், மற்றவனைச் சிவப்புக்காரன் என்பார்கள். நடுத்தரக் கார்டில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். பச்சைக்காரன் ஒன்று விட்டால் மறுமாதம் சிவப்புக்காரன் ஒன்று விடுவான், விலை தானாகக் கீழே உட்காரும். உச்சாணிக் கொம்பில் இருக்கிற பெரிய கார்டு கதை வேறு. அங்கே ஒருவன்தான் உட்கார்ந்திருப்பான். சொன்னதுதான் விலை.

கடன் வந்த கதையும் அந்தக் கொம்பிலிருந்து விழுந்த கதைதான். கம்ப்யூட்டரை ஓட்டி மின் நாணயம் தோண்டுகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிய வருடம் அது. இருக்கிற கார்டையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். பெட்டிக்காரர் ஒன்று பத்துக்கு, அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வீதம், பன்னிரண்டு பெட்டி பேசினார். கையில் இருந்தது போதவில்லை. எதிர்க்கடை மச்சானிடம் வாங்கினார். இவர் கடையில் எட்டு வருடம் தொழில் கற்று, இவர் கண் முன்னாலேயே எதிரில் கடை போட்டவன் அவன். நடுவில் எட்டடித் தாழ்வாரம்.

"அத்தான், சரக்கு கைக்கு வந்த அன்னைக்கே தள்ளிடுங்க" என்றான் மச்சான். "இது பால் மாதிரி. நாளைக்குத் திரிஞ்சுடும்."

"பால் வியாபாரம் நீ பாரு. நான் கார்டு வியாபாரம் பாக்கறேன்."

விலை ஒன்று அறுபது வரை போனது. இரண்டைத் தொடட்டும் என்று இவர் பெட்டிகளை அலமாரியில் அடுக்கி, தினமும் தூசி தட்டினார். இரண்டைத் தொடவில்லை. நாணயம் சரிந்தது. தோண்டினவர்கள் பழைய கார்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். சிவப்புக்காரன் புதுக் கார்டு ஒன்றை அந்த நேரம் பார்த்துக் குறைந்த விலைக்கு இறக்கினான். பன்னிரண்டு பெட்டியும் தலா அறுபதாயிரத்துக்குக் கழுவிப் போனது.

மச்சான் மூன்று மாதம் பொறுத்தான். நாலாவது மாதம் தாழ்வாரத்தில் நாலு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டான். "உங்க தலைக்கனத்துக்கு எங்க வீட்டுல சோறு குறையணுமா அத்தான்?"

தனியாகக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்திருப்பார். நாலு பேர் நடுவில் குனிவதற்கு அவருக்குக் கழுத்து இல்லை.

"உன் காசை உன் உள்ளங்கைல எண்ணி வெக்கிற வரைக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். உன் வாசல் மிதியடிய மிதிக்க மாட்டேன்."

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றான் அவன்.

எதிரெதிர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு மூஞ்சியில் முழிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெட்டிக்காரர் கழுத்துக்குக் கீழே மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் போர்டை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

போர்டு என்பது அந்தக் கட்டடத்து வழக்கம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு வெள்ளைப் பலகை. காலை பத்து மணிக்கு மொத்த வியாபாரி அன்றைய விலையை ஃபோனில் சொல்லுவான். கடைக்காரர்கள் தங்கள் விலையை மார்க்கரால் எழுதி வைப்பார்கள். எழுதியது சாயங்காலம் வரை மாறக் கூடாது. மாற்றினால் வியாபாரம் தெரியாதவன் என்று பெயர்.

மச்சான் எழுதுவதில் ஒரு முறை உண்டு. மொத்த விலைக்கு மேல் பன்னிரண்டாயிரம், அதில் நூறு குறைவு. எந்த விலையும் தொள்ளாயிரத்தில் முடியும். அந்த ஒன்பதின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து இழுப்பான். பெட்டிக்காரர் அவன் எழுதி முடிக்கும் வரை மார்க்கரைத் திறக்க மாட்டார். அவன் உள்ளே போனதும் இருநூறு குறைத்து எழுதுவார். இது மூன்று வருடம் நடந்தது. சில மாதங்களில் அவனும் வீம்புக்கு இறக்குவான், இவரும் இறக்குவார், இரண்டு பேரும் அசலுக்கே வந்து நிற்பார்கள். "மச்சானும் அத்தானும் முட்டிக்கிற வரைக்கும் நமக்கு மலிவு" என்று வாங்குகிறவர்கள் சிரித்தார்கள். கடனுக்குச் சேர்த்த பணமெல்லாம் அந்த முட்டலில் கரைந்தது. தவணையாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எண்ணி வைக்கிறேன் என்று சொன்னவர், கிள்ளி வைப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஃபோனில் கேட்பாள். "தம்பிகிட்ட பேசினீங்களா?"

"பேசினேன், பேசினேன். நல்லா இருக்கான்."

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஒன்பதின் வால் நன்றாக வளைந்திருந்தால் அவன் நன்றாக இருக்கிறான். சளி, காய்ச்சல் என்றால் வால் தொங்கும். அவன் பெண்ணுக்குப் பரீட்சை என்றால் பத்து மணிக்கு எழுத வேண்டியதைப் பத்தே முக்காலுக்கு எழுதுவான். எட்டடி தூரத்திலிருந்து இவ்வளவு தெரிந்துகொள்கிறவர், வேறென்ன பேச வேண்டும்?

மற்றபடி நாள் முழுக்க அவருக்குத் துணை சோதனைக் கம்ப்யூட்டர். கார்டு நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க அதில் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கும். காடு, ஆறு, கரையில் காற்றில் ஆடும் புல். மனிதர் யாரும் வர மாட்டார்கள். பெட்டிக்காரர் மதியச் சாப்பாட்டை அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டுக்குப் போனால் ஆறும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. தலையணை இரண்டு இருந்தது. ஒன்றுக்கு உறை மாற்றியே நாலு வருடம் ஆகிறது.

இந்த வருடம் மறுபடி தட்டுப்பாடு வந்தது. இந்த முறை நாணயக் கூட்டம் இல்லை. யோசிக்கிற இயந்திரம் கட்டுகிறோம் என்று பெரும் பணக்காரக் கம்பெனிகள் சில்லுகளை ஆலை வாசலிலேயே அள்ளிக்கொண்டன. விளையாட்டுக் கார்டுக்கு மிச்சம் மீதிதான். உச்சாணிக் கார்டு ஒன்று வேண்டும் என்றால் ஓடாத சரக்கு நாலு சேர்த்து எடு என்றான் மொத்த வியாபாரி. பெட்டிக்காரர் விலை ஏறுவதற்கு முன்பே மோப்பம் பிடித்து, ஒன்று ஐம்பது வீதம் நாலு கார்டு வாங்கிப் போட்டிருந்தார். கூடவே எவனும் சீந்தாத பதினாறு பவர் சப்ளை பெட்டி. அவற்றை அடுக்கி மேலே மெத்தை போட்டு நாற்காலி ஆக்கிக்கொண்டார். நாலு கார்டும் நல்லபடியாக விற்றால் கடன் மொத்தமும் அடைந்துவிடும். அதற்குத்தான் வாங்கினார்.

ஒரு திங்கட்கிழமை எதிர்க்கடை ஷட்டர் திறக்கவில்லை. போர்டில் சனிக்கிழமை விலை அப்படியே கிடந்தது. பெட்டிக்காரர் பதினொரு மணி வரை மார்க்கரைக் கையில் வைத்திருந்தார். அன்று எழுதவில்லை. செவ்வாயும் எழுதவில்லை. புதன்கிழமை லிஃப்ட்காரர் சொன்னார்: "உங்க மச்சானுக்கு நெஞ்சு வலியாம் பெரியவரே. ஆபரேஷன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வாரம் ஞாயிறு வரை மனைவி காத்திருக்கவில்லை.

"போய்ப் பாத்தீங்களா?"

"பா…"

"பாத்தேன்னு சொல்லாதீங்க. அவன் பொண்டாட்டிகிட்ட இப்பதான் பேசினேன். மூணு வருஷமா நீங்க பேசினேன் பேசினேன்னு சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரிஞ்சா ஏன் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேட்ட?"

"ஒரு நாளாவது வெக்கப்பட்டுப் போயிப் பேசுவீங்கன்னுதான்."

பெட்டிக்காரர் ஃபோனைக் காது மாற்றி வைத்தார்.

"என்னங்க, பணம் பெரிசா?"

"பணம் பெரிசில்ல. சொன்ன சொல்லு."

"அவன் இல்லாமப் போயிட்டா அந்தச் சொல்லை யார் கையில எண்ணி வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே கடை திறந்தார். நாலு பெட்டியையும் மேசை மேல் எடுத்து வைத்தார். பத்தே காலுக்கு ஒரு பெண் வந்தாள், சினிமா வெட்டி ஒட்டுகிறவள். ஐந்து மாடியும் ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஐயா, இந்தக் கார்டு ரெண்டு வேணும். எங்கயும் இல்லங்கறாங்க. என்ன விலை சொல்றீங்க?"

முப்பது வருடம் விலை சொன்ன வாய். அன்றைக்குத் திறக்கவில்லை. மொத்த விலை தெரியும், இரண்டு பதினெட்டு. ஆனால் இருநூறு குறைக்க எதிரில் ஒரு எண் இல்லை. எதிலிருந்து குறைப்பது? இரண்டரை என்றாலும் அவள் தருவாள், மூன்று என்றாலும் கடன் வாங்கியாவது தருவாள். இரண்டு பெட்டியிலேயே முக்கால்வாசிக் கடன் தீரும். கூரை இல்லாத இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

"கொஞ்சம் இரும்மா" என்று மார்க்கரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எட்டடியைத் தாண்டினார். மிதியடியை மிதிக்கவில்லை, சொன்ன சொல் இருக்கிறது. பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நின்று கையை நீட்டி, மச்சானின் போர்டைத் துடைத்தார். மொத்த விலைக்கு மேல் பன்னிரண்டாயிரம், அதில் நூறு குறைவு. இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். ஒன்பதின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து இழுத்தார். மூன்று வருடம் பார்த்த கை, முதல் தடவையே வந்துவிட்டது. திரும்பி வந்து தன் போர்டில் இருநூறு குறைத்து எழுதினார்.

"இதாம்மா விலை" என்றார்.

அந்தப் பெண் இரண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பணத்தை எடுத்தாள். இரண்டு பெட்டி போயிற்று. லாபம் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு நின்றது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் எவனும் வரவில்லை. பெரிய விலைக்கு ஆள் கூட்டமாக வராது. அந்த ஒன்பது நாளும் காலை பத்து மணிக்குப் பெட்டிக்காரர் இரண்டு போர்டும் எழுதினார். முதலில் அவனுடையது, அப்புறம் தன்னுடையது. பக்கத்துக் கடைக்காரன் சத்தம் போட்டே சொன்னான்: "பெரியவருக்குக் கழண்டுபோச்சு. தானே பந்து போட்டுத் தானே அடிக்கறார்."

"நீ பொறுக்கிப் போடு" என்றார் இவர்.

மொத்த விலை இரண்டு முப்பது ஆன அன்று ஒருவன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எங்கோ பெரிய ஆபீசுக்கு வாங்கித் தருகிறவன். எதிர் ஷட்டரைப் பார்த்தான், இவருடைய இரண்டு பெட்டியைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டும் குடுத்துடுங்க. ஒண்ணுக்கு ரெண்டு தொண்ணூறு தர்றேன். பில்லு மட்டும் அதே விலைக்குப் போட்டுக் குடுத்துடுங்க. ஊர்ல வேற எங்கயும் இல்ல, நீங்க வெச்சதுதான் விலை."

"அங்க பாருங்க" என்றார் பெட்டிக்காரர். "ரெண்டு நாப்பத்தொண்ணு தொள்ளாயிரம் போட்டிருக்கு. நம்மகிட்ட இருநூறு கம்மி."

"கடை பூட்டிக் கெடக்கே?"

"கடைதான் பூட்டியிருக்கு. விலை திறந்துதான் இருக்கு."

வந்தவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இப்படி ஒரு வியாபாரியை அவன் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. மச்சான் படுத்துக் கிடக்கிற நேரத்தில் அவன் தலைக்கு மேல் விலை வைத்துச் சம்பாதித்தான் என்று நாளைக்கு ஒரு நாக்கு சொல்லக் கூடாது. அந்தக் கடனை அந்தக் காசில் தீர்த்தால் அது தீர்ந்த கணக்கில்லை.

இந்த இரண்டில் லாபம் ஒரு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து நானூறு நின்றது. முதலில் நின்றதோடு கூட்டினால் மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூறு. கடன் போக இரண்டாயிரத்து எண்ணூறு மிச்சம். லட்ச ரூபாய்க் கட்டு மூன்றையும் உதிரியையும் துணிப்பைக்குள் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வெள்ளைச் சட்டை மாற்றினார். சோதனைக் கம்ப்யூட்டரை அணைத்தார். ஆறு நின்றது. ஷட்டரை இறக்கக் கம்பியைக் கையில் எடுத்தபோது லிஃப்ட் திறந்தது.

மச்சான் இறங்கினான். பாதி ஆளாகியிருந்தான். சட்டை காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று நின்றது. ஒரு கை மகளின் தோளில். இவரைப் பார்க்கவில்லை. நேராகத் தன் ஷட்டருக்கு முன் போய் நின்று, தன் போர்டைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அப்பா, லிஃப்ட்காரர் ஃபோன்ல சொன்னது நெஜந்தான்" என்றாள் மகள். பெட்டிக்காரர் பக்கம் திரும்பினாள். "நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க மாமா. படுத்திருங்கன்னா கேக்கல. என் கடை என்னைக் கேக்காம விலை சொல்லுதாமேன்னு கெளம்பிட்டார்."

மச்சான் போர்டைப் பார்த்தபடியே கேட்டான். "இத யாரு எழுதினது?"

பெட்டிக்காரர் கம்பியைக் கீழே வைத்தார். "ஏன், கணக்கு தப்பா?"

"கணக்கு சரி. ஒன்பது சரியில்ல. எனக்கு வால் இவ்வளவு நீளம் வராது."

"நாலு நாள் சொகமா இருந்தா வரும். நான் பாத்திருக்கேன்."

மச்சானின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று தெரியவில்லை. சிரித்தால் தையல் வலிக்கும் போலிருக்கிறது, நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு தொண்ணூறுக்குக் கேட்டானாமே ஒருத்தன்? லிஃப்ட்ல பொலம்பிட்டே போனானாம்."

"கேட்டான்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"உன் விலைய விட நான் கூட வித்த நாள் உண்டா?"

மச்சான் மெதுவாகத் திரும்பினான். மூன்று வருடத்துக்குப் பிறகு பெட்டிக்காரர் அவன் கழுத்துக்கு மேலே பார்த்தார். நரைத்திருந்தான். மீசை அவன் அப்பாவுக்கு இருந்த மாதிரியே இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"கைய நீட்டு" என்றார்.

"இப்ப என்ன அவசரம் அத்தான்? உள்ள உக்காந்து…"

"மொதல்ல கைய நீட்டு. உன் மிதியடிய நான் இன்னும் மிதிக்கல."

மச்சான் மகளின் தோளிலிருந்து கையை எடுத்து விரித்தான். ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. பெட்டிக்காரர் தன் இடது கையை அந்தக் கைக்கு அடியில் தாங்கக் கொடுத்தார்.

"வட்டி?" என்றான் மச்சான்.

"பதினொரு நாள் உனக்குப் போர்டு எழுதியிருக்கேன். கூலில கழிச்சுக்க."

முதல் கட்டு நோட்டை வைத்தார். ஒன்று என்று எண்ணினார். இரண்டாவது. மூன்றாவது. அதற்கு மேல் உதிரியாக நாற்பதாயிரம். விரலை நாக்கில் தொட்டு, அவசரப்படாமல், தாழ்வாரத்தில் நாலு பேர் பார்க்க, ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.